துவைக்கக்கூடாத கோட்டு

அந்த வருஷம் வட்டப்பாறையில் மழை பெய்தது வானத்திலிருந்து இல்லை, குதிரைக்கார ராயப்பன் வீட்டுக் கொடிக்கயிற்றிலிருந்து. அதுவும் சித்திரை மாதத்தில், ஏரி ஓரமாகச் சுருங்கிப் போய், தெருக்குழாயைத் திறந்தால் காற்று மட்டும் சீறிக்கொண்டிருந்த நாட்களில். எப்படி என்று ஊரில் ஒருத்தரும் கேட்கவில்லை. தண்ணீர் வந்தால் குடத்தை வைப்பார்களா, கேள்வி கேட்பார்களா?

கோட்டைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். கல்யாண ரிசப்ஷனுக்குப் போடுகிற கோட்டு இல்லை அது. கெட்டிப் பருத்தித் துணியில் மெழுகை ஊறவைத்துத் தைத்த, குதிரைமேல் போகிறவன் போடும் மழைக்கோட்டு. ஒரு காலத்தில் பாசிப் பச்சையாக இருந்து பிறகு எந்த நிறமென்று சொல்ல முடியாததாகிப் போனது. பித்தளை ஜிப்பு வைத்தது. முதுகுப்பக்கம் கீழ்ப்பாதி நடுவே பிளந்திருக்கும், குதிரைமேல் ஏறி உட்கார்ந்தால் அந்தப் பிளவு இரண்டு பக்கமும் விரிந்து சேணத்தையும் குதிரையின் பின்பக்கத்தையும் சேர்த்து மூடிக்கொள்ளும், காற்றுக்குப் பறக்காமலிருக்க உள்ளே தொடையில் கட்டிக்கொள்ள இரண்டு வார். காப்பி எஸ்டேட் மேனேஜர் பொன்னப்பா, குடகுக்காரர், வேலையை விட்டு ஊருக்குப் போகும்போது லாயத்தில் வேலை பார்த்த ராயப்பனிடம் இதைக் கொடுத்துவிட்டு மூன்று சொன்னார்: சோப்பு காட்டாதே, வெந்நீர் காட்டாதே, இஸ்திரிப் பெட்டியைப் பக்கத்தில்கூடக் கொண்டுபோகாதே. ஏன் என்று ராயப்பன் கேட்கவில்லை. அவர் எதையும் கேட்கிற ஆள் இல்லை. சொல்கிற ஆளும் இல்லை.

ஆனால் பார்த்துக்கொண்டார். சவாரி முடிந்து வந்தால் சேறு காயும்வரை விட்டுவைத்து பிரஷ்ஷால் தட்டுவார், பச்சைத் தண்ணீரில் நனைத்த பஞ்சால் ஒற்றுவார், அடுப்புக்கும் தள்ளி வெயிலுக்கும் தள்ளி ஆணியில் விரித்து மாட்டுவார், மடிக்கவே மாட்டார். வருஷா வருஷம் மழைக்காலத்துக்கு முன்னால் மெழுகு டப்பாவை வெந்நீர்ச் சட்டிக்குள் நிறுத்தி இளக்கி, பழைய பனியன் துணியில் தொட்டு, தோள், முழங்கை, பாக்கெட் மூடி, தையல் தையலாக, ஒரு நூல் இடம் விடாமல் தேய்த்துக்கொண்டே இருப்பார். பொன்னப்பா கொடுத்த டப்பா தீர்ந்ததும் அவரே காய்ச்சினார்: மலைத்தேன் மெழுகு, மாதா கோயில் உபதேசியார் எடுத்துவைக்கும் எரிந்து மிஞ்சிய மெழுகுவர்த்திக் கட்டைகள், கொஞ்சம் ஆளிவிதை எண்ணெய். அந்த வாசனையைச் சொல்லி முடியாது. தேன்கூட்டுக்குள் ஒரு குதிரை புகுந்து பூசை வைத்தது மாதிரி இருக்கும்.

“முதல்ல குதிரை, ரெண்டாவது கோட்டு. மிச்சம் மீதி இருந்தா எனக்கு” என்பாள் அவர் பெண்டாட்டி மதலேன்.

மதலேனுக்கும் கோட்டுக்கும் ஆகாது. நாற்றம் ஒரு காரணம். அது தொங்கிய சுவரில் கை விரித்த ஆள் மாதிரி கறுப்பாக ஒரு கறை விழுந்து, எத்தனை தடவை வெள்ளையடித்தாலும் மேலே வந்து நின்றது இன்னொரு காரணம். அசல் காரணம் அவளுடைய கல்யாணம்.

கல்யாணம் கீழே வத்தலக்குண்டில். காலைப் பூசைக்கு மாப்பிள்ளை மலையிலிருந்து வந்து சேர வேண்டும். வரவில்லை. மதலேன் கோயில் வாசலில் பூச்செண்டோடு நின்றாள், பூச்செண்டு வாடியது, சாமியார் அடுத்த ஊருக்குப் போய் அங்கே ஒரு பூசையை முடித்துவிட்டே திரும்பி வந்தார், பிரியாணி ஆறி மறுபடி சூடாகி மறுபடி ஆறியது, பெரியம்மாமார் காது கடித்தார்கள், ‘ஓடிட்டான்’ என்று ஒருத்தன் சொன்னது எல்லாருக்கும் கேட்டது. பொழுது சாயும்போது ராயப்பன் குதிரைமேல் வந்து இறங்கினார். கோட்டில் ஒரு பொட்டு ஈரம் இல்லை, குதிரை மேல் இல்லை, வானத்தில் ஒரு மேகம் இல்லை. மேலே நனைந்திருந்தாலும் அடிவாரத்து வெயில் எதை விட்டுவைக்கும்? மதலேனின் அண்ணன் சின்னப்பன் பாய்ந்துபோய்ச் சட்டையைப் பிடித்து, “எங்கய்யா போன?” என்று உலுக்க, ராயப்பன் ஒரே ஒரு வார்த்தை சொன்னார்.

“மழை.”

முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அந்த வார்த்தையோடு இன்னொரு வார்த்தை அவர் சேர்க்கவில்லை. பால் வாங்கப் போய்த் தாமதமாக வந்தால் “என்ன, மழையா?” என்பாள் மதலேன். குழம்பில் உப்பு கூடிப்போனால் “விடுங்க, மழையில கரைஞ்சிரும்.” சின்னப்பன் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் குடையோடு மலையேறி வந்து, வாசலில் அதை விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்பான். ராயப்பன் சிரிக்கவும் மாட்டார், கோபிக்கவும் மாட்டார், கொள்ளுப்பையை எடுத்துக்கொண்டு லாயத்துக்குப் போய்விடுவார். ஆனால் கேலிக்கு அடியில் மதலேனுக்கு ஒரு கேள்வி கிடந்தது. வரும் வழியில் எந்த வளைவில் குதிரையை நிறுத்தினார், இவள் வேண்டுமா வேண்டாமா என்று எவ்வளவு நேரம் யோசித்தார், பாதி மனசாகத்தானே வந்தார்? இதை அவள் கேட்டதில்லை. ஆமாம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது? அந்த மனுஷன் பொய் சொல்லி நேரத்தை வீணாக்க மாட்டார்.

இப்படியிருக்கும்போது அவர்கள் மகள் ஜெசிந்தாவை, ஆஸ்பத்திரியில் நர்ஸ், பெண் பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆள் வருவதாகச் சின்னப்பன் போன் போட்டான். மதலேன் வீட்டைக் கழுவினாள், திரையைத் துவைத்தாள், கடைசியில் கோட்டைப் பார்த்தாள். ராயப்பன் லாடம் அடிக்கக் குதிரையைக் கூட்டிக்கொண்டு போயிருந்தார். லாரித் தண்ணீரில் பாதியை அண்டாவில் கொதிக்கவைத்து, துவைக்கிற சோடாவை அள்ளிப் போட்டு, கோட்டை அமுக்கி, எடுத்து, முழு சோப்பு ஒன்றைத் தேய்த்துத் தீர்த்து, கல்லில் அடித்தாள். ஒவ்வொரு அடிக்கும் கறுப்பாக ஒன்று ஓடியது. அலசிக் கொடியில் போட்டபோது கோட்டு பச்சைக் குழந்தை மாதிரி இருந்தது.

ராயப்பன் வந்து பார்த்தார்.

“சோப்பா?”

“ஆமா.”

“வெந்நீர்?”

“ஆமா. இஸ்திரி மட்டும்தான் பாக்கி. கரி போடட்டா?”

அவர் தொப்பென்று வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். குதிரை அருகில் வந்து அவர் தோளை மோந்தது, கோட்டை மோந்தது, மறுபடி அவரை மோந்தது, யாரோ அந்நியன் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டது. அந்தக் குதிரைக்குப் பெயர் மாப்பிள்ளை. எதற்கெடுத்தாலும் முறுக்கிக்கொள்ளும், வெல்லத்தைக் காட்டித் தாஜா பண்ணினால்தான் ஓர் அடி வைக்கும் என்பதால் வந்த பெயர். மெழுகு வாசனை இல்லாத ராயப்பன் அதற்கு ராயப்பனே இல்லை. சேணம் போட விடவில்லை. கோடை சீசனில், ஏரியைச் சுற்ற டூரிஸ்ட்டு வரிசையில் நிற்கும்போது, சேணம் போட விடவில்லை.

கோட்டு சொட்டிக்கொண்டிருந்தது. ஈரத்துணி சொட்டும்தானே. மறுநாளும் சொட்டியது. அதற்கு மறுநாள் காலையில் மதலேன் கதவைத் திறந்தபோது கொடிக்குக் கீழே மழை பெய்துகொண்டிருந்தது. இரண்டு கை, முதுகுப் பிளவு, பாக்கெட்டு, காலர் என்று எல்லா வழியிலும் இறங்கி, கோட்டின் அகலத்துக்குச் சதசதவென்று, மண்வாசனையோடு ஒரு மழை. இத்தனை வருஷம் உள்ளே விடாமல் தடுத்த மழையையெல்லாம் அந்தக் கோட்டு எங்கே வைத்திருந்ததோ, சோப்பு பட்டதும் வாயைத் திறந்துவிட்டது. மதலேன் ஒரு நிமிஷம் பார்த்தாள். உள்ளே போய்க் குடத்தை எடுத்து வந்து வைத்தாள். வேறென்ன செய்வாள்?

மத்தியானத்துக்குள் தெரு பூராவும் குடம். பச்சைக் குடம், ரோஸ் குடம், பெயின்ட் டப்பா, ஆஸ்பத்திரி வாளி, பேக்கரிக்காரர் கேக் மாவு பிசைகிற தொட்டி. பூண்டுத் தோட்டத்து வீரணன் ஒரு கை ஏந்திக் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

“இது போன ஐப்பசி மழை.”

“எப்படிண்ணே சொல்றீங்க?”

“என் பூண்டை மொத்தமா அழுக வெச்ச மழை. எனக்குத் தெரியாதா? நான் குடிக்க மாட்டேன்.” துப்பிவிட்டுப் போனவர் சாயங்காலம் ரப்பர் குழாயோடு வந்தார். “அழுக வெச்சது அதுதான? அதே வந்து வளக்கட்டும்.”

அவர் சொன்னது சரிதான் என்று போகப் போகத் தெரிந்தது. கடைசியாகப் பெய்தது முதலில் வந்தது, அதற்கு முந்தினது அடுத்து வந்தது. வருஷம் பின்னோக்கி இறங்கிக்கொண்டே போனது. புயல் வருஷத்து மழை யூக்கலிப்டஸ் இலையோடு வந்தது, ஜலதோஷக்காரர்களெல்லாம் அதில் ஆவி பிடித்தார்கள். பாலம் உடைந்த வருஷத்து மழை செம்மண் நிறத்தில் வந்தது, அதைத் தெளியவைத்துக் குடிக்க வேண்டியிருந்தது. வார்டு கவுன்சிலர் நாகூர்கனி கயிறு கட்டி, பெஞ்சு போட்டு, காலையில் கீழத்தெரு மாலையில் மேலத்தெரு என்று முறை வகுத்தார். கோட்டை நகராட்சித் தொட்டிக்கு மேலே மாட்டினால் குழாயிலேயே விட்டுவிடலாம் என்று யோசனை சொல்லி, கம்பில் மாட்டி நாலு பேர் தூக்கிக்கொண்டு போக, மாப்பிள்ளை அவிழ்த்துக்கொண்டு பின்னாலேயே போய்த் தொட்டியில் மிச்சம் இருந்ததையும் குடித்தது. கோட்டு அங்கே ஒரு சொட்டு விடவில்லை. திரும்பக் கொண்டுவந்து மதலேனின் கொடியில் போட்டதும் பெய்தது.

“துவைச்ச கைக்குத்தான் கட்டுப்படுது” என்றார் நாகூர்கனி. “அக்கா, நீங்கதான் இனிமே இந்த ஊருக்கு வாட்டர் போர்டு.”

அதற்குள் ஊருக்குப் பழகிவிட்டது. ‘நேத்து என்ன மழை?’ ‘சர்ச்சுக்கு மணி வாங்கின வருஷம்.’ ‘பருப்பு வேகுமா?’ ‘நல்லா வேகும், வெண்ணெயாட்டம் வேகும்’ என்று பேசிக்கொண்டு பெண்கள் குடத்தை இடுப்பில் ஏற்றினார்கள். கல்யாணமாகிக் கேரளாவுக்குப் போன ஒருத்தி, தான் படிக்கிற காலத்தில் நனைந்த மழை வேண்டுமென்று பஸ் ஏறி வந்து, நனைந்துவிட்டு, அடுத்த பஸ்ஸில் போனாள்.

ஒருநாள் சாயங்காலம் மழை பக்கவாட்டில் பெய்தது. கீழே விழாமல் சாட்டை மாதிரி வீசி, வரிசையில் நின்றவர்கள் கன்னத்தில் அறைந்தது. மதலேன் கையில் இருந்த குடத்தைக் கீழே வைத்தாள். ஜெசிந்தா பிறந்த வருஷத்து மழை அது. வலி எடுத்த அவளை விட்டுவிட்டு ராயப்பன் போய், மருத்துவச்சியைக் கோட்டுக்குள் போட்டு மூடிக் குதிரையில் கொண்டுவந்த மழை. அன்றைக்கு அவளுக்கு ஜன்னலுக்கு வெளியே சத்தம் மட்டும்தான் தெரியும். இது இப்படி அறையும் என்று அவர் சொல்லவே இல்லை.

அப்படியானால் கல்யாணத்தன்று பெய்ததாக அவர் சொன்ன மழையும் இதற்குள் இருக்கும். இருந்தால் வரும். இல்லாவிட்டால் வராது. அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ராயப்பன் மெழுகு காய்ச்சினார். இளகிய மெழுகைப் பனியன் துணியில் தொட்டு, கோட்டின் இடது கைநுனியைத் துடைத்துத் தேய்த்தார். அந்தக் கையில் மட்டும் மழை நின்றுவிட்டது. வரிசையே பதறியது.

“அண்ணே, வேணாம்ணே!” என்றார் நாகூர்கனி. “பிள்ளைகுட்டிக்காரங்க நாங்க.”

“துணி மக்குது.”

“புதுசு வாங்கித் தாரோம்ணே, கமிட்டி சார்பா. நல்ல ரெயின்கோட்டு, ஜிகுஜிகுன்னு.”

ராயப்பன் அவரை ஒரு பார்வை பார்த்தார். கவுன்சிலர் பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டார்.

“இன்னும் வரலையே” என்றாள் மதலேன்.

“எது?”

“உங்க மழை. அன்னைக்குப் பெஞ்ச மழை. அதுக்குள்ள ஏன் மூடுறீங்க? வராதுன்னு தெரியுமோ?”

ஊரே கேட்டுக்கொண்டிருந்தது. ராயப்பன் டப்பாவைக் கீழே வைத்துவிட்டு லாயத்துக்குப் போய்விட்டார்.

வருஷங்கள் இறங்கின. கோட்டும் இறங்கியது, துணி நைந்து, ஒரு தோளில் தையல் விட்டு, வெயிலுக்கு எதிரே பிடித்தால் கம்பிவலை மாதிரி வெளிச்சம் தெரிந்தது. பெண் பார்க்க வருவதற்கு முந்தின நாள் மதலேன் லாயத்துப் பக்கம் போனாள். ராயப்பன் உள்ளங்கையில் வெல்லத்தை வைத்து நீட்டிக்கொண்டு நின்றிருந்தார். மாப்பிள்ளை சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றது. அவர் சுற்றிப் போய் அந்தப் பக்கம் நீட்டினார். அது இந்தப் பக்கம் திரும்பியது. “நான்தான்டா” என்றார். இவ்வளவு கெஞ்சலாக அவர் யாரிடமும் பேசி அவள் கேட்டதில்லை.

அவள் நேராக வந்து டப்பாவை எடுத்தாள்.

“குடத்தையெல்லாம் எடுங்கப்பா. நிறுத்தப் போறேன்.”

“அக்கா!”

“எடுங்கன்னா எடுங்க. பெஞ்சா என்ன, பெய்யாட்டி என்ன? இத்தன வருஷம் குடும்பம் நடத்தியாச்சு.” துணியை மெழுகில் தொட்டுத் தோளில் வைக்கப் போன கையை யாரோ பிடித்தார்கள். ராயப்பன்.

“நாளைக்கு.”

“கிழிஞ்சிரும்.”

“கிழியட்டும். சின்னப்பன் வரட்டும்.”

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு வேன் வந்தது. மாப்பிள்ளைப் பையன், கண்ணாடி போட்ட ஓவிய வாத்தியார், அவனுடைய அம்மா, தாம்பாளம் தூக்க நாலு பேர், எல்லாருக்கும் முன்னால் குடையை விரித்துப் பிடித்தபடி சின்னப்பன்.

“ஏத்தா மதலேன், ஊரெல்லாம் ஒரே பேச்சாக் கெடக்கு, மாப்ள கோட்டுல மழை பெய்யுதாமே? எங்க, பாப்பம். அன்னைக்கு வராத மழை இன்னைக்கு வந்திருச்சா?”

‘மாப்ள’ என்ற சத்தத்துக்கு லாயத்திலிருந்து குதிரை கனைத்தது. கோட்டு சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டிருந்தது, பிறகு அதுவும் நின்றது. சின்னப்பன் சிரித்தான். வரிசையில் ஒருத்தரும் சிரிக்கவில்லை. மதலேன் கோட்டைப் பார்க்காமல் தரையைப் பார்த்தாள். தீர்ந்துவிட்டது. அவ்வளவுதான்.

முதலில் ஒரு ஆலங்கட்டி விழுந்தது; புளியங்கொட்டை அளவு, நங்கென்று சின்னப்பன் குடையில். அடுத்தது எலுமிச்சங்காய் அளவு, குடையைத் துளைத்துக்கொண்டு போனது. அதற்குப் பிறகு விழுந்ததை மழை என்று சொல்வதா, மலை என்று சொல்வதா. கோட்டின் அகலத்துக்கு நிற்காமல் தெருவின் அகலத்துக்கு, தெருவின் அகலத்துக்கும் நிற்காமல் ஏரிக்கரை வரைக்கும், சுவர் எழுந்து நடந்து வந்தது மாதிரி, இடியும் தானே வைத்திருந்து, மின்னலும் தானே வைத்திருந்து, குடங்களை உருட்டி, பெஞ்சைத் தூக்கி, தாம்பாளத்து ஆப்பிளையும் மல்லிகையையும் அடித்துக்கொண்டு ஒரு மழை. அதில் உடைந்த கிளை வந்தது, ஒரு காட்டோடை முழுசாகப் பாறை உருளும் சத்தத்தோடு வந்தது, என்றைக்கோ செத்துப்போன ஒரு பெண்குதிரை பயந்து கனைக்கிற சத்தம் வந்தது, “வாடி, வாடி தாயி, இன்னும் கொஞ்சதூரம், வாடி” என்று இளவயசு ராயப்பன் குரல் வந்தது. கவுன்சிலர் பேக்கரித் தொட்டியைக் கவிழ்த்து அதற்குள் போய்விட்டார். சின்னப்பன் குடைக்கம்பியை மட்டும் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் ஓடிக் கட்டிலுக்கு அடியில் ஊர்ந்தான். மாப்பிள்ளை கயிற்றை அறுத்துக்கொண்டு வந்து மழைக்கு நடுவே நின்று, பல்லைக் காட்டி, முன்னங்காலைத் தூக்கி ஆடியது. அதன் கழுத்தைப் பிடித்துக்கொண்டு, கண்ணாடி எங்கேயோ போய்விட, ஓடாமல் நின்றவன் அந்த ஓவிய வாத்தியார் ஒருத்தன்தான். ஜெசிந்தா அதை ஜன்னல் வழியாகப் பார்த்தாள். பெண் பார்க்கும் விஷயம் அத்தோடு முடிந்தது, நல்லபடியாக.

மதலேன் கொடிக்கு அடியில் போய் நின்றாள். தலையில் ஆலங்கட்டி விழ, புடவை உடம்போடு ஒட்ட, மூச்சு முட்ட, அந்த மழையின் முழுக் கனத்தையும் வாங்கிக்கொண்டு நின்றாள். ராயப்பன் பக்கத்தில் வந்து நின்றார்.

“இந்த மழையிலயா வந்தீங்க?” என்று கத்தினாள்.

“ம்.”

“யானைகூட வராதே இதுல! திரும்பிப் போயிருக்கலாம்ல?”

ராயப்பன் அவளைத் திரும்பிப் பார்த்தார். கேள்வியே புரியாதவர் மாதிரி பார்த்தார்.

“எதுக்கு?”



மழை நின்றபோது ஏரி நிரம்பியிருந்தது. கோட்டு கயிற்றில் காய்ந்து, வெறும் நூலாகத் தொங்கியது. சின்னப்பன் கட்டிலுக்கு அடியிலிருந்து வந்து, ராயப்பன் முன்னால் நின்று, என்னென்னவோ சொல்லப் பார்த்து, கடைசியில், “மாப்ள, நல்ல மழை” என்றான். ராயப்பன் தலையாட்டினார். கணக்கு தீர்ந்தது.

அந்த வாரம் முழுக்க மதலேன் கோட்டோடு உட்கார்ந்தாள். கிழிந்த தோளுக்கு மாப்பிள்ளையின் பழைய கான்வாஸ் கொள்ளுப்பையை வெட்டி ஒட்டுப் போட்டாள். உபதேசியாரிடம் ஊரே போய் மெழுகுவர்த்திக் கட்டை கேட்டது. அவர் மாதாவுக்கு வைத்திருந்த புதுசையும் எடுத்துக் கொடுத்தார். வீரணன் தேன்மெழுகு கொண்டுவந்தார். ராயப்பன் காய்ச்ச, மதலேன் தேய்த்தாள். “தையல்ல ரெண்டு தடவை” என்பார் அவர். “தெரியும், சும்மா இருங்க” என்பாள் அவள். வீடு தேன்கூடும் குதிரையும் பூசையுமாக மணந்தது. அவர் அதைப் போட்டுக்கொண்டு லாயத்துக்குப் போனதும் மாப்பிள்ளை தோளை மோந்தது, கொள்ளுப்பை ஒட்டை மோந்தது, இத்தனை நாள் எங்கே போயிருந்தாய் என்பது மாதிரி ஒரு செருமல் செருமி, சேணத்துக்கு முதுகைக் கொடுத்தது.

ஆனியில் வானத்திலிருந்தே முதல் மழை வந்தது. சாதாரண மழை. ராயப்பன் ஆணிக்குக் கை நீட்டினார், கோட்டைக் காணோம். வாசலில் மதலேன் அதைப் போட்டுக்கொண்டு, காலர் காதுவரை ஏற, கை இரண்டும் உள்ளே தொலைந்துபோக, மாப்பிள்ளைக்கு வெல்லம் ஊட்டிக்கொண்டு நின்றாள்.

“ஏத்தி விடுங்க.”

“எங்க?”

“ஏரியை ஒரு சுத்து. என் மழையும் கொஞ்சம் இதுக்குள்ள கெடக்கட்டும்.”

அவர் அவளைத் தூக்கி உட்காரவைத்து, தொடை வாரைக் கட்டி, முதுகுப் பிளவைச் சேணத்தின்மேல் இரண்டு பக்கமும் சரியாக விரித்துவிட்டார். ஒரு பழைய சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு கடிவாளத்தைப் பிடித்து முன்னால் நடந்தார். கொஞ்சதூரம் போனதும் திரும்பிப் பார்க்காமலே சொன்னார்.

“சோப்பு மட்டும் போட்டுராத.”

“பாப்பம்” என்றாள் மதலேன்.